பனி விலகினால் சுருங்கும் உலகம்

இடுக்கி மாவட்டத்து மூணாற்றில் பனி மூடியிருக்கும்போது மலை முடிவற்றதாகத் தோன்றும். விலகினால் எல்லை தெரிந்துவிடும். 2004-இல் வந்த ‘ஜி.டி.ஏ: சான் ஆண்ட்ரியாஸ்’ வீடியோ கேமும் அப்படித்தான். அன்றைய கருவிகளின் திறன் குறைவை மறைத்த மூடுபனியே அந்த உலகைப் பரந்ததாகக் காட்டியது. 2021 மறுபதிப்பில் மூடுபனி விலகிப் படம் துலங்கியது. தூரத்து நகரங்களோ கைக்கெட்டும் தொலைவில் நின்றன. பிழைகளும் சேர்ந்துகொள்ள ரசிகர்கள் கொதித்தார்கள். கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

பழமை விரும்பிகள் எதைக் கொடுத்தாலும் குறை சொல்வார்கள் என்று இந்தக் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. 1998-இன் ‘ரெசிடென்ட் ஈவில் 2’ திகில் கேம், 2019-இல் தத்ரூபமான காட்சிகளோடும் புதிய கேமரா கோணத்தோடும் வந்தபோது கொண்டாடப்பட்டது. கதை நடக்கும் இருண்ட காவல் நிலையத்தின் பயம் அதில் கூடியிருந்தது. மனத்தில் தங்குவது அன்று உண்டான உணர்வு. அதை வளர்க்கும் தத்ரூபம் வெல்லும், கலைப்பது தோற்கும்.