சிதறிய பாசிக் குடும்பம்

நீர் வற்றிவரும் குட்டைகளின் ஈர வண்டலில் வளரும் ஒரு சிறு பச்சைப் பாசியைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். ஓ. பார்த்தசாரதி அய்யங்கார் 1932ஆம் ஆண்டில் விவரித்து வெளியிட்டார். லண்டன் பாசியியல் அறிஞர் எஃப். ஈ. ஃபிரிட்ச் பெயரால் அதற்கு ஃபிரிட்சியெல்லா டியூபரோசா என்று பெயரிட்டார். மண்ணுக்குள் கிழங்கு போன்ற பகுதியும் வேர்போன்ற இழைகளும், மண்ணுக்கு மேலே நிமிர்ந்த கிளைகளும் இதற்கு உண்டு. நீரைவிட்டுத் தரையேறிய முதற் செடியின் சாயல் இதில் இருப்பதாக அறிஞர்கள் கருதியதில் வியப்பில்லை.

இவ்வாறு படர்ந்த இழையும் நிமிர்ந்த இழையும் பெற்ற பாசிகளை ஃபிரிட்ச் தமது 1935ஆம் ஆண்டுப் பெருநூலில் கீட்டோபோரேல்ஸ் என்னும் ஒரே துறையில் அடக்கினார். நன்னீரில் வளரும் கோலியோகீட்டும், தேயிலை, மா, கொய்யா இலைகளில் குடியேறும் செஃபலூரோஸும் அத்துறையில் இடம்பெற்றன.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. செல் இரண்டாகப் பிரியும்போது நடுவில் புதுச் சுவர் எழுகிறது. நிலத்தாவரங்களில் அச்சுவருக்குக் குறுக்காக நுண்குழல்கள் நிற்கும். ஃபிரிட்சியெல்லாவிலோ அவை சுவருக்கு இணையாகக் கிடப்பது தெரியவந்தது. நிலத்தாவர முறை காணப்பட்டது கோலியோகீட்டில்தான். தோற்றத்தில் நெருங்கியது உறவில் விலகி நின்றது! கோலியோகீட் நிலத்தாவரக் கிளைக்குத் தனித் துறையாக மாற்றப்பட்டது. செஃபலூரோஸ் மற்றொரு புதிர்: அதன் செல் பிரிவும் நிலத்தாவரத்தை ஒத்திருந்தது, ஆயினும் மரபணு ஆய்வுகள் அதனைக் கடற்பாசியான அல்வாவின் வகுப்பில் சேர்த்துவிட்டன. கீட்டோபோரேல்ஸ் துறையில் இன்றும் எஞ்சி நிற்பது ஃபிரிட்சியெல்லாவே.

இது வெறும் ஏட்டு வேலை என்று தோட்டக்காரர் எண்ணிவிடலாகாது. தேயிலையில் செஃபலூரோஸ் உண்டாக்கும் நோய்க்குச் 'சிவப்புத் துரு' என்று பெயர். அந்நிறம் பாசியில் உள்ள செம்மஞ்சள் நிறமியால் வருவது; கோதுமைத் துருவைப் போன்ற பூஞ்சை நோயன்று. மழைநீரில் நீந்தும் வித்துக்களால் இது பரவுகிறது. நலிந்த செடிகளையே பெரிதும் பற்றுகிறது. தாமிர மருந்து தெளிப்பது பயன்தரும். எனினும் வடிகாலைச் சீர்செய்யாமல், சாம்பல்சத்துக் குறையைப் போக்காமல் தெளிப்பை மட்டும் நம்பினால், அடுத்த மழைக்காலத்தில் அதே செடிகளில் நோய் திரும்பவும் தலைகாட்டும்.