வாசலுக்கு வரும் உரிமை

நுழையும்முன்
வளர்ச்சிசார் குறைபாடுடையோரின் உரிமைகளைக் காக்க நம் நாட்டில் சட்டங்கள் பல இயற்றப்பட்டுள்ளன. ஆயினும், சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை ஒரு குழந்தையின் வீட்டு வாசலை வந்தடைய இடையே சில கைகள் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர், சிறப்பாசிரியர், பயிற்சியாளர், அண்டை வீட்டார் என நீளும் அக்கைகளின் பணியைப் புதுச்சேரி மண்ணை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பருவமும் வளர்ச்சியும்

பிள்ளைத்தமிழ் இலக்கியத்தைப் படித்தோர், குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் நோக்கிய நம் முன்னோரின் நுட்பத்தை அறிவர். ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டி மகிழ்வது சப்பாணி. பதின்மூன்றாம் மாத அளவில் தளர்நடையிட்டு வருவது வருகை. இன்றைய குழந்தை மருத்துவர் கையில் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணையும் ஏறத்தாழ இவற்றையே கேட்கிறது. தலை நின்றதா, தானாக உட்கார்ந்ததா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா, நடந்ததா என்பனவே அதன் வினாக்கள். பதினெட்டு மாதம் கடந்தும் நடக்காத குழந்தையையும், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும் தேர்ந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது மருத்துவ நெறி.

ஆனால், வீட்டில் நிகழ்வது வேறு. “இவன் தாத்தாவும் நான்கு வயதில்தான் பேசினார்” என்று ஒருவர் ஆறுதல் கூறுவார். கோவிலுக்கு வேண்டிக்கொள்ளுமாறு மற்றொருவர் சொல்வார். அன்பினால் சொல்லப்படும் இச்சொற்களால் ஓராண்டு கழிந்துவிடும். மூளை மிக விரைவாக வளரும் முதல் சில ஆண்டுகளில் ஓராண்டு என்பது சிறிய இழப்பன்று. எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் நடப்பதில்லை என்பது உண்மைதான். எனினும், தாமதம் இயல்பானதா, இல்லையா என்பதைத் தேர்ந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டுமேயன்றி, உறவினர் முடிவு செய்யலாகாது.

சொல்லும் பொருளும்

மூளையும் நரம்பு மண்டலமும் வளரும் காலத்தில் ஏற்படும் வேறுபாட்டால், கற்றல், பேச்சு, இயக்கம், பிறரோடு பழகுதல் ஆகியவற்றில் வாழ்நாள் முழுவதும் தொடரும் தடைகளை வளர்ச்சிசார் குறைபாடுகள் என்கிறோம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் நோய்க்குறி ஆகியன இவற்றுள் அடங்கும். இவை மனநோய் அல்ல. மனநோய் இடையில் வந்து மருந்தால் தணியக்கூடும். இவையோ குழந்தைப் பருவத்திலேயே தோன்றுவன. பயிற்சியாலும் துணையாலும் வாழ்வை எளிதாக்கலாமே தவிர, ‘குணப்படுத்துதல்’ என்னும் பேச்சுக்கு இங்கு இடமில்லை. மூளை முடக்குவாதத்தால் கைகால் வசப்படாத ஒருவர் கூர்மையான அறிவுடையவராக இருக்கலாம். அவருடைய குழறும் பேச்சைக் கேட்டு அவரது அறிவை அளப்பது கேட்பவரின் குறையாகும்.

சொற்களுக்கும் இங்கே பெரும்பங்கு உண்டு. ‘மந்தபுத்தி’ என்றும் பின்னர் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்றும் வழங்கிய சொற்கள் இன்று விலக்கப்பட்டு, ‘அறிவுசார் குறைபாடுடையோர்’ என்பது ஆட்சிச் சொல்லாகியுள்ளது. ஆட்டிசத்திற்கு ‘மதியிறுக்கம்’ என்றும் அதனை உடையோருக்குப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்றும் தமிழில் பெயரிட்டுள்ளனர். பின்னது பொருத்தமானதாகத் தோன்றவில்லை. அவர்களுக்குப் புற உலகின் ஓசையும் ஒளியும் தாங்க முடியாத அளவில் வந்து மோதுகின்றன என்பதே பலரின் அனுபவம். சிந்தனையற்றவர் என ஒருவருக்குப் பெயரிட்ட பின், அவரிடம் எதையும் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

எண்ணிக்கையும் சொல்லைச் சார்ந்ததே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 12,47,953 மக்கள் வாழ்ந்த புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மாற்றுத்திறனாளிகள் 30,189 பேர். அக்கணக்கெடுப்பின் படிவத்தில் ஆட்டிசத்திற்கெனத் தனிக் கட்டம் இல்லை. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்ற ஏழு வகைகளிலும் அது இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்வகைகளை 21ஆக விரிவாக்கியது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாதவருக்கு உதவித்தொகையும் இல்லை.

இருபது கிலோமீட்டர்

புதுச்சேரி நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது பாகூர். அங்கு வாழும் ஒரு கூலித்தொழிலாளர் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மூளை முடக்குவாதம் உடைய மூன்று வயதுக் குழந்தைக்கு வாரம் மூன்று நாள் இயன்முறைப் பயிற்சி தேவை. பயிற்சி நகரில் கிடைக்கிறது. கட்டணமும் இல்லை என்றே கொள்வோம். தாய் குழந்தையை இடுப்பில் சுமந்து பேருந்து நிலையம் வந்து, அங்கிருந்து வேறொரு பேருந்து ஏறிச் செல்ல வேண்டும். முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு ஒரு நாள் முழுதும் போகிறது. அந்நாளின் கூலியும் போகிறது. முதல் மாதம் தவறாமல் வருவார். மழைக்காலத்தில் இரு முறை தவறும். நடவுக்காலம் வந்ததும் வருகை நின்றுபோகும். ‘பெற்றோர் ஒத்துழைக்கவில்லை’ என்று பதிவேட்டில் எழுதப்படும். உண்மையில் ஒத்துழைக்காதது தொலைவேயன்றி அத்தாயன்று.

இதனை உணர்ந்தோர் பயிற்சியை வீட்டருகே கொண்டு செல்லும் முறையை வகுத்தனர். அதுவே சமூகம்சார் மறுவாழ்வு எனப்படுகிறது. புதுச்சேரியில் 2003ஆம் ஆண்டு சித்ரா ஷா அவர்களால் தொடங்கப்பெற்ற சத்யா சிறப்புப் பள்ளி, வகுப்பறையோடு நின்றுவிடாமல் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் தன் பணியை விரித்தது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், 1981இல் சு. இராமகிருஷ்ணன் அவர்கள் நிறுவிய அமர் சேவா சங்கமும் இவ்வழியில் முன்னோடியாகும். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த நிலையில் அவர் அதனைத் தொடங்கினார். அங்குக் களப்பணியாளர் வீடுகளுக்கே சென்று பயிற்சி அளிக்கின்றனர்.

இம்முறையின் உயிர்நாடி வண்டியோ கருவியோ அன்று. பயிற்றுநர் வாரத்தில் ஒரு மணி நேரமே குழந்தையோடு இருப்பார். எஞ்சிய நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தான் இருக்கும். ஆகவே, குளிப்பாட்டும்போது கையை எவ்வாறு நீட்டுவது, சோறூட்டும்போது எவ்வாறு உட்கார வைப்பது என்பதைப் பாட்டிக்கும் அக்காவுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். திண்ணையிலோ மர நாற்காலியிலோ துணியைச் சுருட்டி வைத்துச் சாய்மானம் அமைத்துக்கொள்ளலாம். அன்றாட வேலையே பயிற்சியாகிவிடும்போது அதற்கெனத் தனி நேரம் தேட வேண்டியதில்லை.

அரசின் கையும் வாசல்வரை நீள வழி உண்டு. 2013இல் நடுவண் அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் சென்று குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். வளர்ச்சித் தாமதம் காணப்பட்டால் மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையத்திற்கு அனுப்ப வேண்டும். கண்டறிதல் முதற்படி மட்டுமே. கண்டறிந்தபின் அனுப்பும் இடம் தொலைவில் இருப்பின், பாகூர்த் தாயின் கதை மீண்டும் தொடங்கிவிடும்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாக இவ்வொன்றியப் பகுதி ஒரே நிலப்பரப்பாக அமையவில்லை. காரைக்கால் தெற்கே தொலைவிலும், மாகே கேரளக் கடற்கரையிலும், ஏனாம் ஆந்திரத்திலும் உள்ளன. புதுச்சேரி மாவட்டமே தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கிறது. பேருந்தில் செல்பவர் எல்லை கடந்ததைப் பெயர்ப்பலகை பார்த்தே அறிவார். உதவித்தொகைக்கோ அவ்வெல்லை மதில்போல் நிற்கிறது. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான பராமரிப்புத் தொகை 2023 சனவரி முதல் மாதம் 2000 ரூபாய் ஆயிற்று. புதுச்சேரியோ தனக்கெனத் தனி விதிகளையும் தொகைகளையும் வைத்துள்ளது. திருமணத்தாலோ தொழிலாலோ எல்லை கடந்து குடிபெயரும் குடும்பம், குடும்ப அட்டையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். நாடு முழுமைக்கும் செல்லத்தக்க தனித்துவ அடையாள அட்டை வந்த பிறகு, குறைபாட்டை மீண்டும் மெய்ப்பிக்கும் துன்பமேனும் குறைந்துள்ளது. நோய் எல்லை பார்ப்பதில்லை என்பதற்குக் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையே சான்று. அங்கு இரு புறத்து மக்களும் ஒருங்கே நிற்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்
1905இல் பாரிசு நகரில் ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் ஆகியோர் முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினர். பள்ளியில் கூடுதல் கற்பிப்புத் தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். உதவி தேவைப்படுவோரைக் காட்ட எழுந்த அதே அளவுகோல், பின்னாளில் வேறு நாடுகளில் மக்களைத் தரம்பிரித்து ஒதுக்கவும் பயன்பட்டது.

பள்ளி வாயில்

கற்றல் உரிமையைப் பற்றி மாணவர் நேரில் அறிவர். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தை 6 முதல் 18 வயது வரை, தன் விருப்பத்திற்கேற்ப அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம். பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரமும் சொல்வதை எழுதுபவரும் அளிக்கப்படுவதைத் தேர்வறையில் காண்கிறோம். இவற்றைச் ‘சலுகை’ என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. சட்டமோ ‘நியாயமான ஏற்பாடு’ என்கிறது. கண்ணாடி அணிந்து தேர்வெழுதுபவரை யாரும் சலுகை பெற்றவர் எனக் கூறுவதில்லை.

எங்களுக்குப் பின் யார்?

மேலைநாடுகள் பலவற்றில் ஒரு காலத்தில் இத்தகையோரைப் பெரிய காப்பகங்களில் ஊருக்கு வெளியே வைத்திருந்தனர். மற்றவரைப் போன்ற இயல்பான வாழ்வே இவர்களுக்கும் உரியது என்னும் கொள்கையை டென்மார்க் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏற்றது. பிற நாடுகளும் மெல்ல அவ்வழிச் சென்றன. இந்தியாவில் காப்பகங்கள் குறைவு. பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்தனர். இதனை நம் பண்பாட்டின் பெருமையாகக் கூறுவதுண்டு. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. வேறு துணை எதுவும் இல்லாமையால் தாய் ஒருத்தியே காப்பகமாகவும் பள்ளியாகவும் செவிலியாகவும் நாற்பது ஆண்டுகள் உழைத்தாள் என்பதே பல வீடுகளின் வரலாறு. அத்தாய் அறுபது வயதில் கேட்கும் கேள்வி ஒன்றே: “எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?”

இக்கேள்விக்கு விடையாகவே 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பிறந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோருக்கான சட்டம் இது. இதன்படி மாவட்ட ஆட்சியர், தொண்டு நிறுவனத்தின் சார்பாளர், மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழு, பதினெட்டு வயது கடந்தவருக்குக் காப்பாளர் தேவையா, எந்த அளவில் தேவை என்பதை ஆராய்ந்து நியமிக்கும். நியமனம் பெற்ற காப்பாளர் ஆறு மாதத்திற்குள் சொத்து விவரத்தை அளிக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்டவும் வேண்டும். சொத்துக்காக உறவாடுவோர் எல்லா ஊரிலும் உள்ளமையால் இவ்விதி மிகையன்று.

காப்பாளர் என்னும் கருத்து புதுச்சேரிக்குப் புதிதன்று. பிரான்சின் 1804ஆம் ஆண்டு உரிமையியல் சட்டம் 1819இல் இங்கு நடைமுறைக்கு வந்தது. அறிவுக் குறைபாடு உடையவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட வயது வந்தவரை அச்சட்டம் ‘விலக்கப்பட்டவர்’ ஆக்கி, உடலாலும் உடைமையாலும் சிறாருக்கு ஒப்பாக வைத்தது. இந்துக்கள் தத்தம் குல வழக்குகளைப் பின்பற்ற இடமிருந்தது. 1881ஆம் ஆண்டின் ஆணைக்குப் பின் அவ்வழக்குகளைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ‘ரெனோன்சான்’ குடும்பங்களை அச்சட்டம் ஆண்டது. ஒருவருக்காக எல்லாவற்றையும் இன்னொருவர் முடிவு செய்வதே அன்றைய பாதுகாப்பு.

ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற உடன்படிக்கை இப்பார்வையை மாற்றியது. இந்தியா 2007இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் வழிவந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறனாளி எவரும் பிறரைப் போன்றே சட்டத் தகுதி உடையவர் என்கிறது. காப்பாளர் தேவைப்படினும், அவர் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே உரியவர். அம்முடிவையும் மாற்றுத்திறனாளியின் விருப்பத்தை அறிந்து இருவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு உதவி தேவைப்படும் ஒருவர், தாம் உடுத்தும் சட்டையின் நிறத்தைத் தாமே தேர்ந்தெடுக்கலாம் அன்றோ? வங்கியிலும் பதிவு அலுவலகத்திலும் இன்றும் முழுக் காப்பாளர் சான்றையே முதலில் கேட்கும் பழக்கம் நீங்கவில்லை. இவ்விரு சட்டங்களுக்கும் இடையே நிற்கும் பெற்றோர் தடுமாறுவதில் வியப்பில்லை.

பதினெட்டு வயதோடு இலவசக் கல்வி முடிகிறது. அதுவரை நாள்தோறும் பள்ளி வண்டியில் சென்ற இளைஞர், மறுநாள் முதல் வீட்டுத் திண்ணையில் அமர்கிறார். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்குரிய 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு முதலியன உடையோர் அடங்கிய பிரிவுக்கு 1 விழுக்காடு வகுக்கப்பட்டுள்ளது. மெழுகுவத்தி, காகிதப் பை, அடுமனைப் பண்டங்கள் செய்யும் பயிற்சிக் கூடங்களில் சிலர் இடம் பெறுகின்றனர். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டம் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. பெற்றோர் சில நாள் இளைப்பாறக் குறுகியகாலப் பராமரிப்பும், பெற்றோருக்குப் பின் தங்கி வாழக் குழு இல்லங்களும் அதன் திட்டங்களில் உள்ளன. அவை ஊருக்குப் புறத்தே அமையாமல், குடியிருப்புத் தெருவில் நான்கைந்து பேர் தங்கும் சிறுவீடுகளாக அமைய வேண்டும் என்பது துறையறிஞர் கருத்து. அத்தகைய வீட்டுக்கு அத்தெருவில் இடம் தேடும்போது, வாடகைக்கு விட மறுப்பவர் அரசு அலுவலர் அல்லர். அத்தெருவில் வீடு வைத்திருக்கும் ஒருவரே.