ஒளியிழை இணைப்பு



சென்னையை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுடன் இணைக்கும் ஒளியிழை வடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடத்தில் செய்தியைச் சுமந்து செல்வது ஒளியே. இத்துணைத் தொலைவு ஓடவல்ல ஒளி, இரண்டு இழைகள் சேரும் ஓரிடத்தில் நலிந்துவிடக்கூடும். அவ்விடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

போதிய தூய்மையுள்ள கண்ணாடி கிடைத்தால் ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று 1966-ல் சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்ஹம் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். இன்றைய இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் நூற்றில் ஐந்து பங்குகூடக் குறைவதில்லை. ஆனால், அழுக்குப் படிந்த ஒரே முனை, பல கிலோமீட்டர் இழை விளைக்கும் இழப்பை ஒரு நொடியில் விளைத்துவிடும். ஏனெனில் ஒளி செல்லும் நடுப்பகுதியின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றில் ஒன்பது கூறே. அதற்கு எதிரே ஒரு தூசியும் பெரும்பாறை அன்றோ?

ஆகவே, இழையை இணைப்பவர் முதலில் மேலுறையை உரிக்கிறார். ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் இழையைத் துடைக்கிறார். பின்னர்க் கிளீவர் என்னும் கருவியால் நுண்ணிய கீறலிட்டு முனையைச் செங்குத்தாக முறிக்கிறார். இரு முனைகளையும் இயந்திரம் நேர்நிறுத்தி, மின்பொறியால் உருக்கி ஒன்றாக்குகிறது. ஒட்டிய இடத்தைக் காக்கும் சிறு குழாயை முன்னரே இழையில் கோத்துவைத்தல் வேண்டும். ஒட்டியபின் கோக்க வழியில்லை.

கருவியில் செருகவேண்டிய முனைக்குக் கனெக்டர் பொருத்துவர். பொதுவாகப் பச்சைநிறக் கனெக்டரின் முனை 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும்; நீலநிறத்தது சாய்வற்றது. இவ்விரண்டையும் எதிரெதிரே சேர்த்தால் முனைகள் பொருந்தாமல் ஒளி வீணாகும்.

இப்பணியில் இரண்டு அபாயங்கள் உண்டு. இழையில் ஓடும் ஒளி பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி. இருண்டிருக்கிறதென்று எண்ணி முனையை உற்றுநோக்கினால் விழித்திரை கெடலாம். முறித்தெறியும் கண்ணாடித் துணுக்கோ தோலில் எளிதில் தைத்துவிடும். ஆதலால் துணுக்குகளை மூடியுள்ள கலத்தில் சேர்ப்பர். பணிமேசையில் உணவு கொள்ளார்.

நான் இப்பணியைப் பன்முறை அருகிருந்து கண்டிருக்கிறேன். உருக்கும் வேலை சில நொடிகளே. துடைப்பதும் சரிபார்ப்பதுமே நெடுநேரம். உங்கள் இல்லத்திற்கு ஒளியிழை கொணர்பவர் துடைத்த முனையை மறுபடியும் துடைப்பாராயின், அவரை விரைவுபடுத்தாதீர்கள். அந்தப் பொறுமைதான் இணைப்பின் உறுதி.