பன்னிரண்டு பல் குடும்பம்

சிந்து மாகாணத்தில் (இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது) ஓர் இந்துக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் நாலு தலைமுறையில் பத்து ஆண்களுக்கு, வாயில் மொத்தமே 12 பற்கள்தான். முன்னால் வலுவில்லாத நாலு சின்னப் பற்கள். பின்னால் எட்டுக் கடைவாய்ப் பற்கள். உடம்பில் ரோமம் மிகக் குறைவு. இள வயதிலேயே தலை வழுக்கை. கோடை வந்தாலோ தோல் வறண்டு படாத பாடு படுவார்கள்.

இதை எழுதி வைத்தவர் யார் தெரியுமா? பரிணாமக் கொள்கை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த சார்லஸ் டார்வின்தான்! அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வெட்டர்பர்ன் என்பவர் தெரிவித்த தகவலைத் தம் நூல் ஒன்றின் 1875-ம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். பிறகு 1921-ல் ததானி என்பவரும் சிந்துவின் பல் இல்லாத மனிதர்களைப் பற்றி எழுதினார்.

டார்வின் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு இந்தக் குறை வரவில்லை. ஆனால் அவர்கள் பெற்ற பையன்களுக்கு வந்தது. குறையுள்ள ஆண் பெற்ற மகனுக்கோ வரவே இல்லை! தாத்தாவின் வாய், மகளைத் தாண்டி, மகள் வயிற்றுப் பேரனுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. இன்று தெரியும். கரு உருவாகும்போது அதன் வெளிப்படலத்திலிருந்துதான் தோல், முடி, நகம், பல்லின் எனாமல், வியர்வைச் சுரப்பி எல்லாம் தோன்றுகின்றன. அந்த வேலைக்கு உத்தரவு கொடுக்கும் மரபணு ஒன்று எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. 1996-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். ஒரு பல் குறைவது, ஒரு பல் கூராக இருப்பது என்பதோடு பலருக்குப் போய்விடும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது பழுதானால் கைகொடுக்க வேறில்லை. பழுதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

இது தெரியாமல் எத்தனை வீடுகளில் மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்! கிரகணத்தன்று வெளியே போனாளாம். மசக்கையில் கண்டதைத் தின்றாளாம். அவள் செய்த தப்பு எதுவும் இல்லை. தன்னிடம் அந்தப் பழுது இருப்பதே பல தாய்மார்களுக்குத் தெரியாது.

பல்லை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வியர்வை! இந்தப் பிள்ளைகளுக்கு வியர்வைச் சுரப்பி மிகக் குறைவு. சிலருக்கு அடியோடு இல்லை. நமக்கு வியர்த்து உடம்பு குளிர்கிறது. அவர்களுக்குச் சூடு உள்ளேயே தங்கிவிடும். பல் முளைக்கும் வயதுக்கு முன்பே, காரணம் தெரியாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும். காய்ச்சல் என்று கம்பளியைப் போர்த்துவது உயிருக்கே உலை வைக்கும். டெல்லியிலோ நாகபுரியிலோ மே மாதத்தில், தகரக் கூரையின் கீழ் குடியிருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சட்டையை நனைத்துப் போடுங்கள். ஈரத்துணியால் துடையுங்கள். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். டாக்டரிடம் போனதும், "பையனுக்கு வியர்ப்பதே இல்லை" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இந்த நோய்க்குச் சாதுவான ஒரு பங்காளி உண்டு: பல்-நக நோய். 1965-ல் விட்காப் என்ற அமெரிக்கர் இதை விவரித்தார். இதில் வியர்வைக்குக் குறையில்லை. தலைமுடியும் சரியாகவே இருக்கும். பால் பல் பெரும்பாலும் முளைத்துவிடும். அது விழுந்த பிறகு சில இடங்களில் நிலைப்பல் வராது. வருவதும் கூம்பு போல் இருக்கும். நகம் மெலிந்து, கரண்டி போல் குழிந்திருக்கும். கால் நகத்தில்தான் அதிகம். வயது ஏற ஏற நகம் ஓரளவு தேறிவிடும். தாய், தகப்பன் இருவரில் யாரிடமிருந்தும், ஆண், பெண் யாருக்கும் வரலாம். ஒன்று சொல்ல வேண்டும். குழிந்த நகம் ரத்தசோகையிலும் வரும். நகத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது.

பரிகாரம்? பழுதான மரபணுவை மாற்றும் மாத்திரை கிடையாது. ஆனால் பல் கட்டலாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கே பல் செட் வைக்கிறார்கள். தாடை வளர வளர வேறு செட் செய்ய வேண்டும். வளர்ச்சி நின்ற பிறகு எலும்பில் திருகிப் பொருத்தும் பல்லும் உண்டு. பல் செட் அழகுக்கு என்று நினைக்க வேண்டாம். சோறு மெல்லவும், வார்த்தை தெளியவும், வகுப்பில் வாயைத் திறந்து பதில் சொல்லவும் அது வேண்டும். ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட வராவிட்டாலோ, பால் பல் விழுந்த இடம் வெகு நாள் காலியாகவே இருந்தாலோ பல் டாக்டரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் ஈறுக்குள் பல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு குறைவு.

வெளிநாட்டுச் செய்தி ஒன்று: வியர்வை இல்லாத நோய்க்கு, தாயின் வயிற்றில் இருக்கும்போதே பனிக்குட நீரில் மருந்து செலுத்தி, பிறந்த மூன்று ஆண் குழந்தைகளுக்கும் வியர்த்ததாக ஜெர்மன் டாக்டர்கள் 2018-ல் அறிவித்தார்கள். ஊர் ஊராகக் கிடைக்கும் சிகிச்சை அல்ல அது.

சந்தேகம் உள்ளவர்கள் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் கேட்டு வையுங்கள். அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு எத்தனை பல் இருந்தது? தாய்மாமன்களில் யாருக்காவது வெயில் ஒத்துக்கொள்ளாதா? சிறு வயதிலேயே காய்ச்சலில் போன பையன் யாராவது உண்டா? டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான்.