வாடகைத் தவணையும் தரகர் கூலியும்

செய்த தொழிலுக்குக் கூலி உண்டு. செய்யாத தொழிலுக்குக் கூலி இல்லை. இந்த எளிய நீதியை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆயினும், வாடகை வீடொன்றின் தவணை முடிந்து, குடியிருப்பவர் அதே வீட்டில் மேலும் ஓராண்டு இருக்க விரும்பும்போது, இந்நீதி பல இடங்களில் மறக்கப்படுகின்றது. வீடும் பழையது; குடியிருப்பவரும் பழையவர்; உடையவரும் பழையவரே. ஒருவரை ஒருவர்க்குப் புதிதாகத் தேடிக்கொடுக்க வேண்டிய தேவை இல்லை. இருந்தும் தரகர் மீண்டும் ஒரு மாத வாடகையைக் கேட்கிறார். அதனை எதன்பொருட்டுக் கொடுக்க வேண்டும், யார் கொடுக்க வேண்டும் என்பவை சிந்திக்கத்தக்க கேள்விகளாகும்.

யாழ்ப்பாணத்தைச் சார்ந்த தீவுகளில் காணி கைமாறுவது பெரும்பாலும் உறவினர்க்குள்ளும் அயலவர்க்குள்ளும் நிகழ்ந்த காரியமாகவே இருந்தது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியை ஆண்டு அனுபவிக்கும் ஒற்றி முறைக்குத் தேசவழமை இடமளித்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1707ஆம் ஆண்டளவில் தொகுத்து முடித்த அவ்வழமை, ஒற்றியை மீட்கும் காலத்தைப் பயிரின் பருவத்தோடு பொருத்தி வகுத்தது. விதைத்தவன் விளைவை இழக்கலாகாது என்பது அதன் கருத்து. தவணை என்பது இருவர்க்கும் நட்டம் வராதபடி அமைய வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இன்றைய நிலை வேறு. 1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் போரினால் தீவுப்பகுதி மக்களில் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் வீடு வளவுகளை உடையோர் பலர் இன்று இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். மறுபுறத்தில், ஆசிரியரும் தாதியரும் அலுவலரும் இடமாற்றம் பெற்றுத் தீவுகளுக்கு வருகின்றனர். வேலணைக்குப் பண்ணைப் பாலம் வழியே நாள்தோறும் போய்வரலாம். நெடுந்தீவில் கடமை புரிபவரோ குறிகட்டுவானிலிருந்து படகேற வேண்டும். கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. அவர் தீவிலேயே தங்க இடம் தேடியாக வேண்டும். கடல் கடந்து இருக்கும் உடையவரையும் இடம் தேடி வந்தவரையும் இணைப்பதற்கு நடுவில் ஒருவர் தேவைப்படுகிறார். அவரே தரகர். அவர் தொழிலை இழிவாக எண்ணுதல் முறையன்று. வீட்டைக் காட்டி, இருவரையும் பேச வைத்து, வாடகையை முடிவுசெய்து கொடுப்பவர்க்கு உரிய கூலி கொடுத்தல் கடமையாகும்.

ஆனால் அத்தொழில் அவர்களை இணைத்து வைத்தவுடன் நிறைவேறிவிடுகிறது. அதன் பின் அவர் வாடகை திரட்டுதல், கூரையையும் கிணற்றையும் பார்த்துத் திருத்துதல் முதலியவற்றைச் செய்தால், அது வேறு தொழில். அதனால் பயன் பெறுபவர் உடையவர். அதற்குரிய கூலியையும் உடையவரே கொடுத்தல் பொருந்தும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலப்பதிலேதான் குழப்பம் பிறக்கின்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாத வாடகை 20,000 ரூபா என்று கொள்வோம். ஆண்டுக்கு 2,40,000 ரூபா. தவணை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் தரகர்க்கு ஒரு மாத வாடகை கொடுப்பதாயின், குடியிருப்பவர் உண்மையில் செலுத்துவது 2,60,000 ரூபா. வாடகை பன்னிரண்டில் ஒரு பங்கு உயர்ந்துவிட்டது. ஆனால் அவ்வுயர்வில் ஒரு சதமேனும் உடையவர் கைக்குச் சேரவில்லை. அன்றியும், புதுப்பிக்கும் தோறும் கூலி பெறுபவர்க்கு, மூன்றாண்டுத் தவணை ஒன்றைக் காட்டிலும் ஓராண்டுத் தவணை மூன்று இலாபமானவை. உடையவரும் குடியிருப்பவரும் நெடுந்தவணையை விரும்பினாலும், நடுவில் நிற்பவரின் நன்மை குறுந்தவணையில் தங்கிவிடுகின்றது.

தவணை புதுப்பித்தலில் நியாயமான செலவே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தவணைக்கு வீட்டையோ காணியையோ குத்தகைக்குக் கொடுப்பதாயின், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுதப்படல் வேண்டும். அதற்கு நொத்தாரிசின் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் உண்டு. இவை சட்டம் வேண்டும் செலவுகள். ஆனால் தரகர் தம் கையால் எழுதி இருவரிடமும் கையொப்பம் வாங்கும் தாள் அத்தகைய உறுதி ஆகாது. தவணை முடிந்த பின்னும் உடையவரின் சம்மதத்தோடு ஒருவர் வாடகை கொடுத்துத் தொடர்ந்து குடியிருப்பின், அது மாதவாடகைக் குடியிருப்பாகவே கொள்ளப்படும். ஆகவே, அந்தத் தாளுக்கென ஒரு மாத வாடகையைக் கொடுப்பவர், பணத்தையும் இழந்து, ஓராண்டுக்குரிய பாதுகாப்பையும் பெறாதவர் ஆகிறார்.

தவணைக்கு மேல் தவணையாகப் பணம் கறக்கும் வழக்கத்தை நாட்டின் சட்டம் அறியாததன்று. போர்க்காலத்தில் 1942ஆம் ஆண்டிலே வாடகைக் கட்டுப்பாடு இங்கே தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும், குடியிருப்பைக் கொடுப்பதற்கோ புதுப்பிப்பதற்கோ தொடர்வதற்கோ நிபந்தனையாக, வாடகைக்கு மேலாக வெகுமதியோ தரகோ கேட்பதை விலக்கின. இச்சட்டங்கள் நகர்ப்புறங்களையே முதன்மையாகக் கருதியவை. பின்வந்த திருத்தங்கள் பல வீடுகளை அவற்றின் எல்லைக்கு வெளியே நிறுத்தின. ஆதலின் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டின் நிலையைச் சட்டம் அறிந்தவரிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும். எனினும், "புதுப்பித்தல்" என்னும் சொல்லையே சட்டம் எடுத்தாண்டிருப்பது கவனிக்கத்தக்கது.

தீவகத்தார் பலர் குடியேறிய இங்கிலாந்தின் அனுபவமும் இதையே உணர்த்துகின்றது. அங்கே ஃபொக்ஸ்டன்ஸ் என்னும் வீட்டு முகவர் நிறுவனம், குடியிருப்பவர் தொடர்ந்து இருக்கும் தோறும் உடையவரிடம் தரகு பெறும் விதியை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. அவ்விதி தெளிவாக எடுத்துக்காட்டப்படாமல் சிறு எழுத்துகளினிடையே இருந்தது. அது நியாயமற்றதென 2009ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருப்பவரிடம் முகவர்கள் வாங்கிய புதுப்பித்தற் கட்டணத்தை 2019 யூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் தடைசெய்தது. 2025ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், தனியார் வாடகை வீடுகளில் குறித்த தவணை என்னும் முறையையே 2026 மே 1 முதல் நீக்க வகைசெய்தது. தவணை இல்லையேல் புதுப்பித்தலும் இல்லை. அதற்கான கூலியும் இல்லை. இலண்டனில் வாடகைக்கு இருக்கும் வேலணையார் ஒருவர் இக்கட்டணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. அவ்வாறிருக்க, வேலணையிலுள்ள அவருடைய வீட்டில் குடியிருக்கும் ஆசிரியையிடம் அதே கட்டணம் அவர் பெயரால் வாங்கப்படுமாயின், அதை அவர் விரும்புவாரா?

பெரும்பாலும் உடையவர்க்கு அச்செய்தியே எட்டுவதில்லை. ஆகையால், வீட்டை எடுக்கும் நாளிலேயே சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. தரகர் உடையவருக்காகச் செயற்படுகிறாரா, அவ்வாறாயின் அற்றோணித் தத்துவம் பெற்றிருக்கிறாரா என்று கேட்டறிதல் வேண்டும். தரகு ஒரு முறைக்கு மட்டுமா என்பதை எழுத்தில் வாங்குதல் வேண்டும். வாடகை, உறுதிச் செலவு, தரகு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டுப் பெறுதல் வேண்டும். தவணை முடிய இரண்டு மாதங்களுக்கு முன்னரே உடையவரோடு நேரில் தொலைபேசியிற் பேசுதல் வேண்டும். பல பிணக்குகள் அந்த ஒரு பேச்சிலேயே தீர்ந்துவிடும். தீராவிடின், 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை உண்டு. அங்கே சட்டத்தரணி இன்றியே இரு பகுதியாரும் தம் நியாயத்தை எடுத்துரைக்கலாம்.

உடையவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஆளில்லாத வீடு மழைக்கும் கறையானுக்கும் இரையாகும். விளக்கேற்றி, முற்றம் கூட்டி, கிணற்றைப் பேணி வாழும் குடியிருப்பாளர், வாடகையோடு அவ்வீட்டின் ஆயுளையும் தருகிறார். அத்தகையவர் ஆண்டுதோறும் புதிய கூலி கொடுத்துத்தான் அங்கே தொடர்ந்திருக்க வேண்டும் என்றால், ஒருநாள் அவர் இடமாற்றம் கேட்டுப் போய்விடுவார். அவர் போனால் இழப்பு உடையவர்க்கு மட்டும் அன்று. தீவின் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் அதில் பங்கு உண்டு.