மலையில் கணப்பு மூட்டப் போகிறீர்களா?

லீவு விட்டதும் ஊட்டி, கொடைக்கானல் என்று குழந்தைகளோடு கிளம்பிவிடுகிறோம். ராத்திரி விடுதித் தோட்டத்தில் விறகு அடுக்கிக் குளிர் காய்வது தனி சுகம்தான். எங்கள் வீட்டில் இதற்காகவே மலைக்கு வரும் பேர்வழிகள் உண்டு! நெருப்பு மூட்டுவது ஆண்கள் என்றாலும், கவனித்துக்கொள்வது நம் பொறுப்புதானே?

மூட்டும்போது

விடுதிக்காரர் காட்டும் இடத்தில் மட்டும் மூட்டச் சொல்லுங்கள். காப்புக் காட்டில் நெருப்பு வைப்பது சட்டப்படி குற்றம். தைல மரம், பைன் மரச் சருகுகள் சட்டென்று பற்றிக்கொள்ளும். சுற்றிலும் நன்றாகப் பெருக்கிவிட்டு, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் வையுங்கள். ஓடையில் எடுத்த ஈரக் கற்களை அடுக்காதீர்கள். சூட்டில் வெடித்துச் சிதறும். ஈர விறகு பற்றவில்லையென்று மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்ற விடவே கூடாது. நைலான் புடவையும் தொங்கும் முந்தானையும் வேண்டாம்.

தணல் அறைக்குள் வேண்டாம்

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். ஆட்டம் பாட்டமெல்லாம் முடிந்ததும், "தணல் வீணாகிறதே, ரூமுக்குள் வைத்தால் கதகதப்பாக இருக்குமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சம்மதிக்காதீர்கள். புகை இல்லாத கரித்தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவே, சமவெளியில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். அதையும் இந்த வாயு பறித்தால் என்ன ஆகும்?

2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்ற மலையூரில், கேரளாவிலிருந்து போன எட்டுப் பேர் இறந்துபோனார்கள். அதில் நாலு பேர் குழந்தைகள். குளிருக்காக கேஸ் ஹீட்டர் வைத்து, அறையை அடைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். ஹீட்டரோ கரியோ, எரிகிற எதுவும் அடைத்த அறையில் ஆபத்துதான். கூடாரத்துக்கும் இதே கதிதான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

தலைவலி, தலைசுற்றல், வாந்தி, தூக்கக் கலக்கம் இவைதான் அறிகுறிகள். மலை ஏறி வந்த அலுப்பு என்று தப்பாக நினைத்துவிடுவோம். அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இப்படி வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். எல்லோரையும் வெளியே கூட்டி வந்துவிட்டு 108-க்கு போன் செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். கொஞ்சம் சரியானது போலத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அணைக்கும்போது

மண்ணைப் போட்டு மூடினால் அடியில் கங்கு உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் காட்டிப் பார்த்து, சூடு தெரியாத பிறகே தூங்கப் போங்கள்.

அறைக்குள் குளிருகிறதா? கம்பளி, காலுறை, குல்லாய், படுக்கையில் ஒரு வெந்நீர்ப் பை, குடிக்கச் சூடாகச் சுக்குக் காப்பி. இவ்வளவு போதும்!