குறுக்கலகுக் குருவியும் பைன் மரமும் (கூட்டுப் பரிணாமம்)

கூட்டுப் பரிணாமம் என்பது நெருங்கிய தொடர்புடைய இரண்டு உயிரினங்கள் பல தலைமுறைகளில் ஒன்றையொன்று மாற்றியமைக்கும் நிகழ்வாகும். விதையுண்ணும் பறவைக்கும் அவ்விதையைத் தரும் மரத்துக்கும் இடையே இது நிகழ்வதற்கு, வட அமெரிக்காவின் குறுக்கலகுக் குருவியும் லாட்ஜ்போல் பைன் மரமும் நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். அமெரிக்க உயிரியலாளர் கிரெய்க் பெங்க்மன் 1990களில் இருந்து இதனை ஆராய்ந்து வந்துள்ளார்.

அலகும் கூம்பும்

இப்பறவையின் மேலலகும் கீழலகும் நுனியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து நிற்கும். பைன் மரத்தின் விதைகள் அதன் கூம்புகளில், செதில்களுக்கு அடியில் உள்ளன. பறவை அலகைச் செதில்களுக்கிடையே நுழைத்து, கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தி இடைவெளியை உண்டாக்கி, நாக்கினால் விதையை எடுக்கிறது.

செதில் தடித்திருந்தால் அதனை விலக்குவது கடினம். எனவே தடித்த செதில்களையுடைய மரங்களின் விதைகள் அதிகம் தப்பிப் பிழைக்கின்றன. அத்தகைய மரங்கள் பெருகுகின்றன. அதன் பின்னர், பெரிய அலகுடைய பறவைகளே போதிய உணவைப் பெறுகின்றன. அலகு பெரிதாகும்போது மேலும் தடித்த செதில்கள் மரத்துக்கு நன்மை தருகின்றன. இவ்வாறு தொடர்வது பரிணாம ஆயுதப் போட்டி என அழைக்கப்படுகிறது.

அணிலின் பங்கு

ராக்கி மலைத்தொடரின் பெரும்பகுதியில் இப்போட்டி நிகழ்வதில்லை. அங்கு அமெரிக்கச் செவ்வணில்கள் பெருமளவு கூம்புகளைக் கொய்து சேமித்து விடுகின்றன. ஆகவே மரங்கள் அணிலுக்கு எதிராகத் தகவமைந்துள்ளன. அவற்றின் கூம்புகள் அகன்றும் கனமாகவும், குறைந்த விதைகளுடனும் உள்ளன. பறவை அக்கூம்புக்கு ஏற்ப மாறுகிறது. ஆனால் மரம் பறவைக்கு ஏற்ப மாறுவதில்லை.

ஐடஹோ மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள சவுத் ஹில்ஸ், ஆல்பியன் மலைகள் ஆகியவற்றில் அணில்கள் இல்லை. அங்குள்ள கூம்புகளில் விதைகள் அதிகம். ஆனால் பறவைகள் பெரிதும் நாடும் நுனிப்பகுதியின் செதில்கள் தடித்தவை. பறவைகளின் அலகும் பெரியது. கூம்புகள் பிசினால் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் மரத்திலேயே தங்குவதால் உணவு ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. எனவே இப்பறவைகள் பிற குறுக்கலகுக் குருவிகளைப் போல் உணவு தேடி அலைவதில்லை. பிற வகைகளுடன் அரிதாகவே இணைசேர்கின்றன. 2017 இல் அமெரிக்கப் பறவையியல் கழகம் இதனைக் காசியா குறுக்கலகுக் குருவி என்னும் தனி இனமாக ஏற்றது. இதன் அறிவியல் பெயர் லாக்சியா சினெசியூரிஸ். பெயரின் இரண்டாம் பகுதி "அணில் இல்லாத" எனப் பொருள்படும்.

கனடாவின் சைப்ரஸ் ஹில்ஸ் பகுதியிலும் முன்னர் அணில்கள் இருக்கவில்லை. 1950 இல் அவை அங்கு கொண்டுவரப்பட்டன. அதன் பின்னர் அங்கிருந்த பெரிய அலகுடைய குறுக்கலகுக் குருவிகள் மறைந்துவிட்டதாகக் கருதப்படுகிறது.

அச்சுறுத்தல்கள்

காசியா குறுக்கலகுக் குருவியின் வாழிடம் ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டர் பைன் காடு மட்டுமே. மிக வெப்பமான கோடை நாட்களில் கூம்புகள் முன்கூட்டியே திறந்து விதைகள் உதிர்கின்றன. 2000களில் பறவைகள் வெகுவாகக் குறைந்ததற்கு இது காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 2020 செப்டம்பரில் ஏற்பட்ட காட்டுத்தீ சவுத் ஹில்ஸ் காட்டின் ஒரு பகுதியை எரித்தது. தீயின் வெப்பத்தில் கூம்புகள் திறப்பதால் பைன் மீண்டும் முளைக்கிறது. ஆனால் புதிய மரங்கள் வளர்ந்து பறவைக்குப் போதிய கூம்புகளைச் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒரே மரத்துடன் இணைந்து உருவான இவ்வினத்துக்கு, வேறு காட்டுக்கு இடம்பெயர்ந்து பிழைப்பது கடினம்.